சென்னைத் துறைமுகத்தின் வாசலைத் திருப்பியவர்: யார் இந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்?

கடலே இல்லாத சூரமங்கலத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்ம நாமக்கல் நாமகிரித் தாயாரைக் கும்பிட்ட கணித மேதை ராமானுஜன், 1912-ல் அங்கேதான் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். அவர் இங்கிலாந்து போகத் துணைநின்ற துறைமுகத் தலைவர்தான் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜன் கதையில் சின்ன ரோலில் வந்துபோகும் இவருடைய சொந்தக் கதை, ஒரு பெரிய ரிப்பேர் கதை.

1849-ல் பிறந்த ஸ்பிரிங், 1870-களில் இருந்து இந்தியாவில் ரயில்வே பொறியாளர். இடம் மாறி ஓடும் ஆறுகளைக் கரை கட்டி, பாலத்துக்கு அடியில் ஒழுங்காக ஓடவைப்பது எப்படி என்று 1903-ல் புத்தகமே எழுதினார். தண்ணீரை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு வழிகாட்டுவதே மேல் என்று நினைத்தவர்.

1904-ல் துறைமுகம் அவர் பொறுப்பில் வந்தது. அதன் பழைய வரலாறு சோகமானது. 1861-ல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தை 1868, 1872 புயல்கள் முடக்கிப்போட்டன. அப்புறம் அலையைத் தடுக்க இரண்டு நீண்ட சுவர்கள் எழுப்பினார்கள். 1881 புயல் அவற்றில் அரை மைலுக்கு மேல் பெயர்த்துவிட்டது. திரும்பவும் கட்டினார்கள். ஆனால் வாசல் மட்டும் அப்படியே கிழக்கே, நேராகக் கடலைப் பார்த்து! அலை நேரே உள்ளே வரும்; மணலும் சேரும்.

சுவர் உடைந்தால் கட்டிக்கொள்ளலாம். வாசலே தப்பான திசையில் இருந்தால்? ஸ்பிரிங் கிழக்கு வாசலை மூடினார். வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அதற்கு மறைப்பாக இன்னொரு சுவரையும் நீட்டினார். கப்பல்கள் நிம்மதியாக நின்றன. கரையோரம் கப்பல் கட்டும் மேடைகள், கிடங்குகள், ரயில் பாதைகள் எல்லாம் பிறகு வந்தவை.

(சென்னையில் முதலில் பதிவான எம்.சி.1 காரும் இவருடையதுதான் என்கிறார்கள்.)

1919-ல் பதவி விட்டு விலகினார்; 1933-ல் காலமானார். ஒன்றை மட்டும் அவராலும் நிறுத்த முடியவில்லை. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறிக்கிறது. தெற்கே மெரினா அகலமானது; வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. காசிமேடு, திருவொற்றியூர் ஓரம் இன்றைக்கும் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பது அதனால்தான்.