300 ஆபரேஷன்களின் தோல்வி... தன் தொடையிலேயே சோதனை! இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையைத் தந்த ஜான் சார்ன்லி யார்?

வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டை மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டா, எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள்தான். வலி போயிடுமா? பழையபடி நடக்க முடியுமா? எத்தனை வருஷம் தாங்கும்? இன்று இதற்கெல்லாம் டாக்டர்கள் தைரியமாகப் பதில் சொல்ல முடிகிறது. அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் பெரிய தோல்வியும், அதை அவர் எதிர்கொண்ட விதமும் இருக்கின்றன. அவர்தான் சர் ஜான் சார்ன்லி.

யார் இந்த சார்ன்லி?

1911 ஆகஸ்ட் 29-ம் தேதி, இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பரி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மருந்தாளுநர், அம்மா நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-ல் டாக்டரானார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ டாக்டராக எகிப்தில் இருந்தவர், அங்கிருந்த பட்டறையில் எலும்பு சிகிச்சைக்கான கருவிகளை வடிவமைத்தார். ஆபரேஷன் கத்தி அளவுக்கு லேத் மெஷின் மீதும் அவருக்கு ஈர்ப்பு உண்டு.

இன்னொரு குணமும் இருந்தது. போர் முடிந்த சமயம், எலும்பு ஒட்டும் விதத்தைத் தெரிந்துகொள்ள தன் கால் எலும்பிலேயே ஆபரேஷன் செய்யச் சொன்னார். அதில் கிருமித் தொற்று ஏற்பட்டு, மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதாகிவிட்டது!

'கிறீச்' என்று கத்திய இடுப்பு

நம் இடுப்பில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்து, இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டையும் மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். நடந்தால் வலி, படுத்தாலும் வலி.

அந்தக் காலத்தில் பந்தை மட்டும் எடுத்துவிட்டு அக்ரிலிக் பந்து வைக்கும் முறை இருந்தது. அப்படி வைத்துக்கொண்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அசைந்தாலே அவர் இடுப்பு கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் தாங்காமல் மனைவியே அவர் பக்கத்தில் இருப்பதைத் தவிர்த்தாராம்!

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சார்ன்லி காரணத்தைத் தேடினார். இயற்கையான குருத்தெலும்பு வழுக்கும். பிளாஸ்டிக் பந்து எலும்பில் உரசும்போது அப்படி வழுக்குவதில்லை. அந்த உராய்வுதான் செயற்கைப் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது என்று புரிந்துகொண்டார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு மூன்று. ஒன்று, பந்தோடு சேர்த்துக் கிண்ணத்தையும் வழுக்கும் பொருளில் மாற்றுவது. இரண்டு, உராய்வு குறைய சுமார் 22 மில்லிமீட்டர் அளவில் சின்ன உலோகப் பந்து வைப்பது. மூன்று, பாகங்கள் அசையாமலிருக்க எலும்புக்குள் அக்ரிலிக் சிமென்ட் நிரப்புவது. பல் சிகிச்சையில் பயன்பட்ட பொருள்தான் இந்த சிமென்ட். யோசனை தந்தவர் பல் மருத்துவப் பொருட்களை ஆராய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித்.

300 பேருக்கு என்ன ஆச்சு?

கிண்ணத்துக்கு சார்ன்லி தேர்ந்தெடுத்தது டெஃப்லான். ஆமாங்க, நம்ம நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே பொருள்தான். வருஷக்கணக்கில் வலியோடு இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சுமார் 300 பேருக்கு இப்படி ஆபரேஷன் நடந்தது.

ஆனா அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் மளமளவென்று தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் பாதித்தன. நம்பி வந்தவர்களையே மீண்டும் ஆபரேஷன் டேபிளில் படுக்கவைக்க வேண்டிய நிலை. தான் வைத்த கிண்ணங்களைத் தானே வெளியே எடுத்தார் சார்ன்லி.

இதற்கு மாற்று பெரும்பாலும் தற்செயலாகவே கிடைத்தது. 1962-ல் ஒரு விற்பனைப் பிரதிநிதி, நெசவு இயந்திரங்களில் பயன்படும் பாலிஎத்திலின் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். நகத்தால் கீறிப் பார்த்த சார்ன்லி, இது தேறாது என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அவரது பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி க்ரேவன் அதை சோதனை மெஷினில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, இது மூன்று வாரத்தில் தேயவில்லை!

இந்த முறை சார்ன்லி அவசரப்படவில்லை. டெஃப்லானையும் பாலிஎத்திலினையும் தன் தொடைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் கட்டியானது. பாலிஎத்திலினால் அப்படி ஒன்றும் ஆகவில்லை. 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார்.

அதன் பிறகும், தான் பணியாற்றிய ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு வந்து கற்றுக்கொண்ட டாக்டர்களுக்கு மட்டுமே தன் மூட்டைத் தந்தார். முதலில் பல ஆண்டு முடிவுகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆபரேஷன் அறையில் சுத்திகரித்த காற்று, டாக்டர்களுக்கு உடல் முழுவதும் மூடும் உடை என்று கொண்டுவந்தார். நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு வந்த தொற்று, ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இன்று நோயாளி என்ன எதிர்பார்க்கலாம்?

▪ ஆபரேஷன் பொதுவாக 1 முதல் 2 மணி நேரம். பலருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள்.

▪ அன்றே அல்லது மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம். படுத்தே இருப்பதுதான் ஆபத்து, காலில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம்.

▪ பழைய மூட்டு வலி பெரும்பாலானோருக்கு நன்றாகவே குறையும். தையல் போட்ட இடத்து வலி சில வாரம் இருக்கும்.

▪ முதல் 6 வாரம் கவனம் தேவை. தாழ்வான இருக்கை, கால் மேல் கால் போடுவது, குனிந்து பொருள் எடுப்பது பலருக்குக் கூடாது. பந்து நழுவிவிடலாம். தரையில் சம்மணம், இந்தியன் டாய்லெட் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

▪ காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, கெண்டைக்காலில் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல் எதுவாக இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்க.

▪ எத்தனை வருஷம் தாங்கும்? 10-ல் சுமார் 6 மூட்டுகள் 25 ஆண்டுகளைத் தாண்டுகின்றன.

கடைசி வரை கேட்ட கேள்வி

1974-ல் லாஸ்கர் விருது, 1977-ல் சர் பட்டம் என்று பெருமைகள் வந்தன. ஆனாலும் டெஃப்லான் தந்த பாடத்தை சார்ன்லி மறக்கவில்லை. இறந்த பிறகு அந்த மூட்டை ஆய்வுக்குத் தாருங்கள் என்று தன் நோயாளிகளிடமே கேட்டுவைத்தார். பலர் சம்மதித்தார்கள். உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்பதை அப்படித்தான் நேரில் பார்த்தார். 1982 ஆகஸ்ட் 5-ம் தேதி, 70 வயதில் காலமானார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். இந்த மூட்டை எத்தனை வருஷமா வைக்கிறாங்க, முடிவு எப்படி இருக்கு? கேட்கத் தயங்க வேண்டாம். சார்ன்லி தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் இது.