துளை அட்டையும் வலைக் கடனும்

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் நான் வீடு வீடாக ஏறி இறங்கியது 1983-இல், முனைவர் பட்ட ஆய்வுக்காக. ஒவ்வொரு குடும்பத்தின் படகு, வலை, கடன் விவரங்களையும் துளை அட்டைகளில் பதித்து ஒரு கணினி மையத்தில் கொடுத்தேன். அக்குப்பங்களில் அதிகம் கேட்ட சொல், முன்பணம். வலை வாங்க இறால் வியாபாரி பணம் தருவார், வட்டி கேட்கமாட்டார். ஆனால், பிடிபடும் இறாலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். பக்கத்துக் கரையில் கூடுதல் விலை கிடைத்தாலும் போக முடியாது.

அந்த அட்டை முறையை உருவாக்கிய ஹெர்மன் ஹோலரித்தின் வாழ்க்கையைப் பிற்பாடு படித்தபோது, அவரும் ஏறக்குறைய இதே வியாபாரத்தைத்தான் செய்தார் என்று தெரிந்தது.

1860 பிப்ரவரி 29 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். கொலம்பியாவில் சுரங்கப் பொறியியல் படித்து, 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குச் சேர்ந்தார். கையால் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கு முடிய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. இதற்கு இயந்திரம் இருந்தால் நல்லது என்ற யோசனையை அங்கிருந்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் அவருக்குக் கொடுத்தார். வழியைக் காட்டியது ஒரு ரயில் பயணம். பயணச்சீட்டைப் பிறர் பயன்படுத்தாதிருக்க, பயணியின் தலைமுடி, கண் ஆகியவற்றின் நிறத்தை நடத்துநர் சீட்டில் துளைகளாகக் குறிப்பதை அவர் கண்டார். ஒரு மனிதரின் விவரங்களைத் துளைகளாக்கி வேறிடத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

1889-இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டின் கணக்கெடுப்பில் 6.2 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவருடைய இயந்திரங்களில் ஓடின. மொத்த மக்கள்தொகை சில மாதங்களிலேயே வெளியானது. ஆஸ்திரியாவும் கனடாவும் ரஷ்யாவும் அவரை நாடின. 1896-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அவர் இயந்திரத்தை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். அட்டையையும் தன்னிடமே வாங்கச் செய்தார். வாடகை அதிகம் என்று கணக்கெடுப்புத் துறை முறையிட்டது; அவர் இறங்கிவரவில்லை. 1905-இல் உறவு முறிந்தது. துறை தானே இயந்திரம் செய்ய முனைந்தது. ஜேம்ஸ் பவர்ஸ் வடிவமைத்தவை 1910 கணக்கெடுப்பில் இயங்கின. அரசாங்கத்தால் அப்படி விலக முடிந்தது. ஹோலரித்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கையில் காசில்லாத காலத்தில் வலை வாங்கித் தந்தவரும் அந்த இறால் வியாபாரிதானே.

1911-இல் நிறுவனத்தை விற்றுவிட்டுப் பண்ணையில் மாடு வளர்த்தார். அது வேறு நிறுவனங்களுடன் இணைந்து உருவான நிறுவனமே 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. 1928-இல் ஐபிஎம் 80 பத்தியும் செவ்வகத் துளையும் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனத்தின் அட்டையில் வட்டத் துளை. ஒன்றை மற்றொன்றின் இயந்திரம் வாசிக்காது. 1929 நவம்பர் 17 அன்று ஹோலரித் காலமானார். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர் அட்டையையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்ற ஐபிஎம்மின் நிபந்தனை செல்லாது என 1936-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அண்மையில் அதே குப்பங்களில் ஒன்றுக்குப் போயிருந்தேன். நண்டு விற்கும் பெண் ஒருவர், நான்கு ஆண்டு வரவு செலவை ஒரு கைபேசிச் செயலியில் எழுதிவந்திருக்கிறார். குறைந்த வட்டிக்குக் கடன் தர வேறோர் இடத்தில் அந்தக் கணக்கைக் கேட்டார்கள். செயலியில் பார்க்கலாம், வெளியே எடுக்க வழியில்லை. கணக்கு எங்கோ ஒரு மேகக் கணினியில் கிடக்கிறது. கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 முதல் நாடெங்கும் உண்டு. நம் தரவை நம்முடன் எடுத்துச்செல்லும் உரிமை 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது; 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த உரிமை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அலமாரியிலிருந்த பழைய அட்டைக் கட்டைப் பிரித்தேன். அவற்றை வாசித்த இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனால், எந்தப் பத்தியில் எந்தத் துளை எதைக் குறிக்கும் என்பது ஒளிவு மறைவில்லாதது; கற்றவர் எவரும் கண்ணாலேயே படிக்கலாம். ஒன்றை விளக்கின் முன் பிடித்துத் துளைகளை எண்ணினேன். வலை இரண்டு, படகு இல்லை, முன்பணம் 1,200 ரூபாய்.