பரிதிமாற் கலைஞர்: மாணாக்கரை எழுதுவித்த ஆசிரியர்

கற்றலினும் கற்பித்தல் அரிது. கற்பித்தலினும் கற்பாரை எழுதவல்லாராக்குதல் மிக அரிது. முன்னோர் நூலை மாணாக்கர் நினைவிற் பதிப்பித்துவிட்டு அமைவோர் பலர். அம்மாணாக்கர் தாமே சிந்தித்து, ஐயுற்று, உரையாடி, எழுதத் துணியுமாறு செய்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். பரிதிமாற் கலைஞர் எனத் தமிழுலகம் போற்றும் அப்பெரியாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

மதுரைக்கு அணித்தாகிய விளாச்சேரியில், 1870-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாராக இவர் தோன்றினார். வடமொழியைத் தந்தையாரிடமும், தமிழைச் சபாபதி முதலியாரிடமும் கற்றார். பின்னர்ச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து, 1892-இல் பி. ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றுத் தேறினார்.

அக்கல்லூரியின் தலைவராயிருந்தவர் டாக்டர் வில்லியம் மில்லர். ஒருநாள் அவர் டென்னிசனது கவிதையொன்றைப் பாடஞ் சொல்லுங்கால், நீரில் இயங்கும் ஓடத்திற்கு அன்னத்தை உவமித்த நயத்தை எடுத்து விளக்கினாராம். அதனைக் கேட்ட சூரியநாராயணர், அவ்வாங்கிலப் புலவர்க்குப் பன்னூறாண்டு முன்னரே கம்பர் கங்கையிற் செல்லும் குகனது நாவாய்க்கு அன்னத்தின் நடையை உவமை கூறியிருத்தலை எழுந்து எடுத்துக்காட்டினார் என்பர். மில்லர் வெகுண்டிலர், மகிழ்ந்தார். மாணவன் ஒருவன் தன் மொழிச் செல்வத்தைக் கொணர்ந்து ஆசிரியர்முன் வைத்தற்கு அவ்வகுப்பில் இடமிருந்தது. வகுப்பென்பது ஒருவர் உரைக்கப் பலர் கேட்கும் அவை மட்டுமன்று என்பதனை எம் கதாநாயகர் அங்ஙனம் மாணவராயிருந்தபொழுதே கண்டவராவர்.

கல்வி முடிந்தபின் தத்துவம் கற்பிக்கும் பதவி தமக்கு எய்தக்கூடியதாயிருந்தும், தமிழாசிரியப் பதவியையே அவர் விரும்பினார் என்பர். அந்நாளில் தமிழாசிரியர்க்கு ஊதியமும் குறைவு; மதிப்பும் குறைவு. எனினும் 1893-இல் அக்கல்லூரியிலேயே தமிழாசிரியராய் அமர்ந்து, 1895-இல் தலைமைத் தமிழாசிரியரானார்.

வகுப்பின் மணி அடித்தவுடன் அவர்தம் ஆசிரியத் தொண்டு முடிந்துவிடவில்லை. தமிழார்வமுடைய மாணவரைத் தம் இல்லத்திற்கு வருவித்துப் பொருள் பெறாது கற்பித்தார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் எனப் பெயரும் இட்டார். மேலும், பிறரை எழுதத் தூண்டும் ஆசிரியர் தாமும் எழுதவேண்டும் என்பதனைத் தம் செயலாற் காட்டினார். 1897-இல் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு கூடி ஞானபோதினி என்னும் இதழைத் தொடங்கினார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்னும் நாடகங்களை இயற்றியதோடு, நாடகத்திற்கு இலக்கணங்கூறும் நாடகவியலையும் யாத்தார். ஆங்கிலத்துப் பதினான்கடிப் பாட்டு முறையைத் தழுவித் தமிழிற் பாடல்கள் புனைந்து, தனிப்பாசுரத்தொகை என வெளியிட்டார். அந்நூலில் தம் இயற்பெயரை மறைத்து, அதனையே தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் எனப் புனைந்துகொண்டார். எழுதியவர் இன்னார் என்று அறியாமலே கற்றோர் குணங்குற்றம் ஆராய்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. பேராசிரியரே தம் எழுத்தைத் தேர்வுக்கு வைத்தாற்போன்ற இச்செயல், எழுத்துப் பயில்வார்க்கெல்லாம் ஒரு பாடமாகும். அத்தொகையை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1902-இல் ஓர் இடையூறு நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தினின்று தாய்மொழிகளை நீக்கக் கருதினர். தாய்மொழியில் எழுதப் பயிலாதவன் பிறமொழியிற் கற்றதனைத் தன் மக்கட்கு எங்ஙனம் உணர்த்துவான்? இதனை உணர்ந்த சாஸ்திரியார், பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து, கற்றோரையும் பல்கலைக்கழக உறுப்பினரையும் கண்டு வாதாடினார். அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் உயர்தனிச் செம்மொழியாம் என்று நிறுவிய அவர், 1903-இல் தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், என்புருக்கி நோயால் உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 33. இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல். அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின்.

இவ்வரலாறு நமக்குப் பயன்படுமாறு யாது? நம்மிற் சிலர் ஜவளகிரி முதலிய எல்லைப்புறத்து ஊர்களினின்று வந்தவர். ஓசூரைச் சூழ்ந்த அந்நிலத்தில் ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தொழிற்சாலையிற் பிறிதொரு மொழி எனப் பழகிய இளைஞர் பலர். அவர்தம் இடர் மொழியறியாமை அன்று; தாம் அறிந்ததனை வகுப்பில் எழுந்து கூறவும் ஏட்டில் எழுதவும் துணியாமையே. நகரத்து மாணவரும் இக்குறையினின்று நீங்கியவரல்லர். ஆசிரியர் உரைத்த குறிப்பை அவ்வண்ணமே திருப்பியெழுதித் தேர்வில் வெற்றி பெறுகின்றோம். ஐயம் ஒன்றும் எழுப்பாமலே சிறப்பு வகுப்பும் முடிந்துவிடுகின்றது.

தோழர்களே! கம்பரை நினைந்து எழுந்து நின்ற அம்மாணவரே பின்னாளில் தமிழை வகுப்பறையினின்று வெளியேறாமற் காத்தார். வகுப்பில் வாய்திறத்தல் சிறு செயலன்று. நாமும் ஒரு வினாவேனும் எழுப்புவோம். ஒரு பக்கமேனும் நம் சொல்லால் எழுதி, அதன் குற்றத்தைப் பிறர் கூறக் கேட்போம். அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.