குண்டின் வேகத்தை அளந்த பெஞ்சமின் ராபின்ஸ்

துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றின் வேகத்தை எப்படி அளப்பது? ஒரு நொடியைப் பகுத்துக் காட்டும் மின்கருவி எதுவும் இல்லாத 18-ஆம் நூற்றாண்டில், ஒரு மரக்கட்டையையும் ஒரு நாடாவையும் கொண்டு இதற்கு விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அவர்மீது ஆர்வம் எழக் காரணம் இன்னொன்றும் உண்டு. அவர் உயிர் நீத்த இடம் நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை.

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். போரையே பாவமென ஒதுக்கும் சமயப் பிரிவு அது! அங்கே பிறந்தவர் பீரங்கிக் கலைக்கு இலக்கணம் வகுத்தார் என்பது வரலாற்றின் விளையாட்டுத்தான். இலண்டன் சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1727-இல், இருபதாம் வயதிலேயே, ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நியூட்டனின் கணித முறையைப் பெர்க்கிலி பாதிரியார் தாக்கியபோது, 1735-இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார்.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது, 1742-இல் வெளிவந்த பீரங்கிக் கலை பற்றிய சிறு நூலே. அதில் அவர் முதலில் கையாண்டது கணக்கு. வெடிமருந்து எரிந்தால் அதன் பருமனைப் போல் ஏறத்தாழ 244 மடங்கு வாயு பிறக்கிறது. எரியும் வெப்பத்தால் அதன் அழுத்தம் மேலும் நான்கு மடங்காகி, காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1,000 மடங்கை எட்டுகிறது எனக் கொண்டார். அந்த அழுத்தம் குழல் நெடுகக் குண்டைத் தள்ளினால் வாயில் என்ன வேகம் இருக்கும் என்று கணக்கிட்டார். வேறொருவராயின் அத்துடன் நின்றிருப்பார். ராபின்ஸ் தம் கணக்கைத் தாமே நம்பவில்லை.

எனவே பிறந்தது வெடிப்பொறி ஊசல். முக்காலியிலிருந்து ஒரு கனத்த மரக்கட்டை தொங்கும். குண்டு அதில் பாய்ந்து புதையும். கட்டை பின்னே ஆடும். அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்பது ஆட்டத்தின் அளவைச் சொல்லும். மீதியை உந்த அழிவின்மை விதி பார்த்துக்கொள்ளும். எளிமைக்காக நானே ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்த்தேன். கட்டை 50 பவுண்டு, குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், கட்டையும் குண்டும் சேர்ந்து குண்டைப்போல் 601 மடங்கு எடை. நொடிக்கு 1,600 அடி வேகத்தில் வரும் குண்டு, கட்டையை நொடிக்கு 2.7 அடிக்கும் குறைவாகவே நகர்த்தும். கட்டை உயர்வது ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல்! கண்ணுக்கு எட்டாத வேகம், அடிக்கோலுக்கு எட்டிவிட்டது.

ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோதுதான் பெரிய உண்மை வெளிப்பட்டது. அதுவரை பலர் காற்றின் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. 24 பவுண்டுக் குண்டு நொடிக்கு 1,650 அடி வேகத்தில் புறப்பட்டால், வெற்றிடக் கணக்குப்படி 16 மைல் போக வேண்டும். உண்மையில் மூன்று மைல்கூடப் போவதில்லை. காற்றின் எதிர்ப்பு குண்டின் எடையைப்போல் 20 மடங்குக்கு மேல் இருந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அந்த எதிர்ப்பு திடீரென ஏறுவதையும் அவர் கண்டார். 1745-இல் மாமேதை ஆய்லர் இந்நூலை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து, மூலத்தினும் பெரிய விளக்கவுரை எழுதினார். 1746-இல் கோப்லி பதக்கம் கிடைத்தது.

இன்று அமெரிக்காவில் தம் ரைபிள் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வோர், மருந்தை நிறுத்துப் போட்டு வேகத்தை முதலில் கணக்கால் மதிப்பிட்டு, பின்னர் மின்னணுக் கருவியால் சரிபார்க்கின்றனர். கருவிதான் மாறியிருக்கிறது. மருந்து சற்றுக் கூடினால் குழலே வெடிக்கும் தொழிலில், கணக்கை மட்டும் நம்புவது உயிருக்கு உலை வைக்கும்.

1749-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் 1746-இல் பிடித்தபின், கம்பெனியின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டையாக இருந்தது. 1750 ஜூலையில் அவர் இங்கு வந்து இறங்கினார். கோட்டைகளைப் பலப்படுத்தும் திட்டங்களில் மூழ்கினார். நம் வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில் இறந்தார்.

அவருடைய கணித, பீரங்கி ஆய்வுகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761-இல் தொகுத்து வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து அரண்களைத் தகர்த்துவிட்டார்.