டீசல் என்றொரு மனிதர்

பாரம் இழுக்கும் பிக்கப் வண்டிக்கு டீசலா, பெட்ரோலா என்று நம்ம ஷெட்டில் சண்டை வராத நாளே கிடையாது. அதில் நானும் ஒருவன். அந்தச் சண்டையில்தான் டீசல் என்பது ஒரு ஆளோட பேர் என்று தெரிந்துகொண்டேன்!

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-ல் போர் மூண்டதும் குடும்பமே லண்டனுக்குப் போக நேர்ந்தது. பின்பு படித்தது மியூனிக்கில், நம்மைப் போலவே பாலிடெக்னிக்கில்! நீராவி எஞ்சின் நிலக்கரியின் சக்தியில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று பேராசிரியர் லிண்டேயின் வகுப்பில் கேட்டது அவர் மனதில் தைத்துவிட்டது.

காற்றை இறுக்கி அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டாம். 1893-ல் முதல் சோதனையிலேயே கருவி வெடித்தது, உயிர் பிழைத்தார். விடவில்லை. 1897-ல் அவருடைய 20 குதிரைத்திறன் எஞ்சின் 26 சதவீதச் செயல்திறன் காட்டியது.

ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலில் காணாமல் போனார்.

சண்டைக்கு என் தீர்ப்பு: தினம் பாரத்தோடு நெடுந்தூரம் ஓடினால் டீசல், கூடுதல் விலையை எரிபொருள் மிச்சம் ஈடுகட்டிவிடும். எப்போதாவது ஓட்டினால் பெட்ரோலே போதும். உலகத்துக்குச் சிக்கனம் தந்தவர் கடனாளியாய்ப் போனதுதான் மனசை உறுத்துகிறது!