வானில் வழி கண்ட பெரில் மார்க்கம் அம்மையார்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்பவர் நாம். ஆகவே, குழந்தைப் பருவத்திலேயே கடல் கடந்து சென்று, குடியேறிய நாட்டின் ஆகாயத்தில் புகழ் நாட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுத விழைகிறோம்.

பெரில் அம்மையார் 1902-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் கிளட்டர்பக் குதிரை பழக்குவதில் வல்லவர். இன்று கென்யா எனப்படும் நாட்டில், நிஜோரோ என்னும் ஊரில் அவர் பண்ணை அமைத்தார். அந்த மேட்டு நிலத்தை வெளியுலகுடன் இணைத்தது 1896 முதல் 1901 வரை இடப்பட்ட இருப்புப்பாதை. அதை இட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளரே. அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். ரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் இதனை மறத்தல் தகாது.

தாயார் தனிமை மிகுந்த அவ்வாழ்வைப் பொறாது, மகனுடன் இங்கிலாந்து திரும்பினார். தாயற்ற சிறுமி கிப்சிகிஸ் இனத்துச் சிறுவர்களோடு வளர்ந்தாள்; அவர்கள் மொழியைப் பேசினாள்; ஈட்டி எறியவும் கற்றாள். அச்சிறுவர்களுள் ஒருவரான அராப் ரூட்டா, பிற்காலத்தில் குதிரை லாயத்திலும் விமானக் கொட்டகையிலும் அவருக்கு உறுதுணையாய் நின்றார். வெள்ளையர் ஆளும் இனத்தவராகச் சென்றனர் என்பதும், அந்நிலம் பிறருடையது என்பதும் உண்மையே. ஆயினும் அக்குழந்தையின் நட்பில் வேற்றுமை இருந்ததில்லை.

வறட்சியால் பண்ணை நொடித்தது. தந்தையார் பெரு தேசம் சென்றார். பெரிலோ கென்யாவிலேயே தங்கி, இளம் வயதிலேயே பந்தயக் குதிரைகளைப் பழக்கும் உரிமம் பெற்றார். பின்னர் டாம் காம்ப்பெல் பிளாக் என்னும் விமானியிடம் பறக்கக் கற்று, கென்யாவில் தொழில்முறை விமானி உரிமம் பெற்ற முதல் பெண்மணியானார்.

அந்நாளில் அங்கே விமானம் ஓட்டுவது எத்தகைய தொழில் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ரேடியோ கிடையாது, நல்ல வரைபடம் கிடையாது. ஆறும் மலையுமே வழிகாட்டிகள். இரவில் இறங்க நேர்ந்தால், எண்ணெயில் எரியும் தீவட்டி வரிசையே விளக்கு. அவ்வாறு பறந்து தபாலும் மருந்தும் பிரயாணிகளும் கொண்டு சென்றார். வேட்டைக்காரருக்காக வானிலிருந்து யானைக் கூட்டங்களைத் தேடியும் கொடுத்தார். இப்பணியை இன்று நாம் பாராட்டோம். அவர் துணிவை மறுக்கவும் மாட்டோம்.

1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் மாலை, இங்கிலாந்தின் அபிங்டனிலிருந்து நியூயார்க்கை நோக்கித் தனியே புறப்பட்டார். மேற்கிலிருந்து கிழக்கே பறப்போருக்குக் காற்று துணை செய்யும். இவருக்கோ அது எதிரி. இருளும் புயலும் சூழ 20 மணி நேரத்திற்கு மேல் பறந்தார். இறுதித் தொட்டியின் காற்றுக் குழாயில் பனி உறைந்து பெட்ரோல் தடைப்பட, கனடாவின் கேப் பிரிட்டன் தீவில் ஒரு சதுப்பு நிலத்தில் விமானம் மூக்குக் குத்தி நின்றது. நெற்றியில் காயத்துடன் இறங்கி நடந்தார். குறித்த நகரை எட்டவில்லையே என்னும் குறை இருந்தும், அத்திசையில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண்மணி அவரே. நியூயார்க் நகரம் அவரைக் கொண்டாடி வரவேற்றது. இரு வாரங்களுக்குள், அவருடைய ஆசான் பிளாக் லிவர்பூல் விமான நிலையத்தில் விபத்தில் இறந்தார்.

1942-இல் வெளியான அம்மையாரின் சுயசரிதை விரைவில் மறக்கப்பட்டது. மும்முறை மணந்தும் இல்வாழ்வு நிலைக்கவில்லை. அமெரிக்காவில் சில காலம் வாழ்ந்தபின் கென்யா திரும்பி, மீண்டும் குதிரைகளைப் பழக்கிப் பல பந்தயங்களில் வென்றார். முதுமையில் வறுமை வாட்டியது. 1983-இல் அந்நூல் மறுபதிப்பாகி, கடைசி நாட்களில் அவருக்கு ஆதரவளித்தது. 1986-இல் நைரோபியில் காலமானார்.

பிறந்த நாடு ஒன்று, தம்மை உருவாக்கிய நாடு வேறு. இரண்டினுள் எதனைத் தம் நாடாகக் கொண்டார் என்பதற்கு அவர் திரும்பி வந்த ஊரே சான்று. நம் பிள்ளைகள் தாய்மொழியை மறவாதிருக்க வேண்டும் என்பதே நம் சங்கத்தின் நோக்கம். அதனுடன், அண்டை வீட்டாரின் மொழியையும் அன்பையும் அவர்கள் தமதாக்கிக் கொள்வார்களாயின், நாம் வந்து சேர்ந்த ஊர் அவர்களுக்குச் சொந்த ஊராகும்.