தாதியரை உருவாக்கிய வேலூர் டாக்டரம்மா

வேலூர் ஆஸ்பத்திரி என்றால் நம் தோட்டப்புறங்களில் தெரியாதவர்கள் குறைவு. வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களில் அந்தப் பேர் அடிக்கடி அடிபடும். பெரிய வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் முதலில் நினைப்பது வேலூரைத்தான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. தொடங்கியவர் ஒரு பெண். பெயர் ஐடா ஸ்கடர்.

அவர் டாக்டர். ஆனால் அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் தாதிமாரைப் படிக்கவைத்து ஆளாக்கியது. இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். குடும்பம் அமெரிக்கக் குடும்பம். அவருடைய தாத்தா 1819லேயே கிறிஸ்துவ ஊழியத்துக்காக இலங்கைக்கு வந்த டாக்டர். அப்பாவும் டாக்டர். ஐடா சிறு பிள்ளையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் எத்தனையோ குடும்பங்களை ஊரைவிட்டே விரட்டிய பஞ்சம் அது. பசியால் துவண்டு கிடந்த பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் பெண் ரொட்டித் துண்டு கொடுத்தாள். பார்த்த கொடுமை மனதில் தங்கிவிட்டது. பிறகு படிக்க அமெரிக்காவுக்குப் போனபோது, இனி இந்தியா பக்கமே வரக்கூடாது, அங்கேயே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருந்தார்.

1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. அங்கே ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தவர் பிராமணர். அடுத்தவர் முஸ்லிம். மூன்றாமவர் வேறொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூவர் வீட்டிலும் ஒரே கஷ்டம்: இளம் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், பிள்ளை வெளியே வரவில்லை. ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். மூவருமே ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

மூன்று வீடு, மூன்று சாதி மதம். சாவு மட்டும் ஒன்று. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க, வேலை தெரிந்த ஒரு பெண் இல்லாததால் வந்த சாவு. அதற்குப் பிறகு ஐடாவால் தன் சுகத்தைத் தேடிப் போக முடியவில்லை. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899ல் பட்டம் பெற்றார். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததே அப்போதுதான். புறப்படும் முன் ஒரு பணக்காரர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி 10,000 டாலர் கொடுத்தார்.

1900ல் வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் அப்பா காலமாகிவிட்டார். பக்கபலமாக இருக்க வேண்டியவர் போய்விட்டார். ஜனங்களோ புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவை முதலில் நம்பவில்லை. வீட்டில் ஒரு சிறிய அறை, ஒரு கட்டில், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஒருவருக்குக் குணமானது, அவர் பத்துப் பேரிடம் சொன்னார், கூட்டம் மெள்ள மெள்ளச் சேர்ந்தது. 1902ல் 40 கட்டில் கொண்ட ஆஸ்பத்திரி எழும்பியது.

இங்கேதான் ஒரு சங்கடம் தெரிந்தது. டாக்டர் ஆபரேஷன் செய்துவிடுவார். அது ஒரு மணியோ இரண்டு மணியோ. அதற்குப் பிறகு? ராத்திரி முழுக்கக் காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யார் பார்ப்பது? நாடி பார்ப்பது, புண் துடைத்துக் கட்டுவது, படுக்கையை மாற்றுவது, தண்ணீர் ஊட்டுவது யார்? நாற்பது கட்டிலுக்கும் ஒரு டாக்டரம்மா ஓடியாட முடியுமா?

அதற்குப் பெண்கள் வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் தாதி வேலை என்றால் முகம் சுளிப்பார்கள். அடுத்தவன் ரத்தத்தையும் சீழையும் தொடுவது, மலச்சட்டி எடுப்பது கீழான வேலை, தீட்டு வேலை என்ற எண்ணம். கல்யாணமாக வேண்டிய பெண்ணை வெளியில் அனுப்பி, ராத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காரவைப்பதா என்று குடும்பங்கள் தயங்கின. இத்தனைக்கும் நடுவில் 1909ல் ஐடா வேலூரில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கையைக் கழுவுவதிலிருந்து பாடம். கருவியைக் கொதிக்கவைப்பது, மருந்தை அளந்து கொடுப்பது, நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஆபத்தைக் கண்டுபிடிப்பது, எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. பாசம் இருந்தால் மட்டும் போதாது பாருங்க, பக்குவமும் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடியில் ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். வண்டியை நிறுத்தி அங்கேயே மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். தொழுநோய்க்காரர்களும் வருவார்கள். ஊர் அவர்களைக் கிட்டே சேர்க்காது. சாலையோர வைத்தியத்தில் அவர்களுக்கும் இடம் இருந்தது.

1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க முனைந்தபோது, மூன்று பேர் மனுப் போட்டாலே அதிர்ஷ்டம் என்று சிலர் கேலி பேசினார்கள். வந்து குவிந்த மனுக்கள் 151. முதல் வகுப்பில் 14 பேர் 1922ல் தேறி வெளியே வந்தார்கள்.

தாதியர் படிப்பும் அப்படியே வளர்ந்தது. இந்தியாவில் தாதியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கொடுக்கும் படிப்பு 1946ல் இரண்டு இடங்களில் ஆரம்பமானது. டில்லி ஒன்று, வேலூர் மற்றொன்று. எந்த வேலையைத் தீட்டு என்று ஒதுக்கினார்களோ, அதற்குப் பட்டம் கிடைக்க 37 வருஷம் ஆயிற்று. அதே ஆண்டில்தான் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.

பிறகு 1948ல், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் வேலை வேலூரில் தொடங்கியது. அதிலும் பாருங்கள், ஆபரேஷன் ஒரு நாள். விரலை மறுபடி அசைக்கப் பழக்குவது வாரக்கணக்கில். பக்கத்தில் பொறுமையாக இருந்து பழக்க ஆள் இல்லாவிட்டால் டாக்டர் செய்தது வீண்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைக் கோடைக்கானலில் கழித்தார். 1960 மே மாதம் 89 வயதில் காலமானார். அவர் போட்ட ஒற்றைக் கட்டில் பெரிய ஆஸ்பத்திரியாகவும் கல்லூரியாகவும் நிற்கிறது.

தாய்மார்களே, நம் வீடுகளிலும் பக்கவாதம், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்று படுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி சொல்வதை அவசரத்தில் காதில் வாங்காமல் வந்துவிடாதீர்கள். எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று கூட நின்று கேட்டுக்கொள்ளுங்கள். தானே புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவந்தால் படுக்கைப் புண் வரப்போகிறது என்று அர்த்தம். விரிப்பு ஈரமாக இருக்கக்கூடாது. வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும். வலி என்று சொன்னால் வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வலிக்கு மருந்து உண்டு. குணமாகாத வியாதி என்று தெரிந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள். மூலையில் தனியாகக் கிடப்பதுதான் நோயை விடக் கொடுமை.

இன்னொன்று. உங்கள் மகள் தாதியர் பயிற்சிக்குப் போகிறேன் என்று கேட்டால், அங்கே பீயும் மூத்திரமும் அள்ளணும், உனக்கு எதுக்கு இது என்று தடுத்துவிடாதீர்கள். அன்று அப்படித் தடுக்காத சில பெற்றோர் இருந்ததால்தான் வேலூர்ப் பள்ளிக்கு மாணவிகள் கிடைத்தார்கள். மகனுக்கும் இது பொருந்தும். கணக்கும் அறிவியலும் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், விண்ணப்பம் செய்ய என்ன தேர்ச்சி வேண்டும் என்று பள்ளி ஆசிரியரிடம் இப்போதே விசாரித்து வையுங்கள்.